கல்லூரிப் பிள்ளைக்குக் கடன் அட்டை தேவையா?

 

கல்லூரியில் பயிலும் பிள்ளையின் கையில் கடன் அட்டை இருக்கலாமா என்னும் கேள்வியை இம்மாதம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இது பட்டணத்துப் பணக்காரர் வீட்டுக் கவலை, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதைச் சொல்லும்போது என்னுடைய தவறு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை மட்டும் கூற என் மனம் ஒப்பவில்லை.

எங்கள் ஊர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களில் ஒன்று. ஆண்களில் பெரும்பாலோர் சபுராளிகள். காலையிலும் மாலையிலும் மதரஸாவில் சிறுவர்களுக்கு ஓதிக்கொடுப்பது என் பணி. ஞாயிற்றுக்கிழமைகளில், பஜ்ருத் தொழுகைக்குப் பின், விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் கல்லூரி மாணவர்களுக்காக ஒரு மணி நேர வகுப்பும் நடத்தி வருகிறேன்.

அப்படியொரு ஞாயிறன்று, சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதி முடித்த மாணவன் ஒருவன் கை உயர்த்தினான். "ஹஜ்ரத், கிரெடிட் கார்டு வைத்துக்கொள்வது கூடுமா?" என்று கேட்டான். "கூடாது தம்பி. அது வட்டியோடு சேர்ந்தது. வட்டி ஹராம்" என்றேன். அவன் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தான். நானோ அன்றைய பாடத்தை நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டேன். கேள்விக்குச் சரியான விடையைச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு வீட்டுக்கும் போனேன்.

ஹவுளின் ஓரத்தில் நின்றவன்

ஐந்து மாதங்கள் சென்றன. ஒருநாள் இரவு, இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஹவுளின் ஓரத்தில் அதே மாணவன் நின்றுகொண்டிருந்தான். அது விடுமுறைக் காலமன்று. "என்ன தம்பி, நடுவாரத்தில் ஊருக்கு வந்திருக்கிறாய்?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. என் அறைக்கு அழைத்துச் சென்று தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேசத் தொடங்கினான்.

அவனுடைய அத்தா குவைத்தில் ஓட்டுநராக இருக்கிறார். அடுத்த ஆண்டுக் கல்லூரிக் கட்டணமாகிய 38,000 ரூபாய்க்காக, கெடுவுக்கு ஐந்து மாதம் இருக்கும்போதே 40,000 ரூபாயை மகனின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டார். கையில் பணம் இருக்கும்போதே பிள்ளையின் படிப்புக்கு ஒதுக்கிவிட வேண்டும் என்பது அவருடைய வழக்கம். அந்த நேரத்தில்தான் மகனின் தொலைபேசியில் ஒரு விளம்பரம் வந்தது. வருமானச் சான்று எதுவும் வேண்டாம். ஒரு தொகையை நிரந்தர வைப்பாக வைத்தால் போதும். அதன் பேரில் கடன் அட்டை கிடைக்கும் என்றது அது.

பையன் கணக்குப் போட்டான். 40,000 ரூபாயை வைப்பில் போட்டால் பணம் பத்திரமாக இருக்கும். 36,000 ரூபாய் வரை செலவு செய்ய அட்டையும் கையில் வரும். கட்டணம் கட்ட வேண்டிய நாளில் வைப்பை முறித்துக்கொள்ளலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! அந்த வாரம்தான் அவன் என்னிடம் வந்து, கூடுமா என்று கேட்டிருக்கிறான்.

கூடாது என்று நான் சொன்னேன். அவன் வாங்கினான். முதலில் 17,500 ரூபாய்க்கு ஒரு கைப்பேசி. பிறகு காலணி, உடை, நண்பர்களோடு ஓர் உல்லாசப் பயணம், அவர்களுக்கு ஒரு விருந்து என்று ஏறத்தாழ 8,000 ரூபாய். முதல் மாதக் கணக்கு வந்தபோது, செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை என்று ஓராயிரத்தை ஒட்டி ஒரு தொகை அச்சிடப்பட்டிருந்தது. இம்மாதத் தவணை அவ்வளவுதான் போலும் என்று நினைத்து அதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டான். அடுத்தடுத்த மாதங்களில் அந்தக் குறைந்தபட்சத் தொகையைக் கட்டவும் பணமில்லை. அதே அட்டையைக் கொண்டு இயந்திரத்தில் 5,000 ரூபாய் எடுத்தான். அதிலிருந்தே அட்டைக்குக் கட்டினான். பிறகு ஒரு மாதம் கெடு தவறியது. அதற்கும் அபராதம் விழுந்தது.

நானும் அவனும் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தோம். அவன் செலவழித்தது மொத்தம் 30,500 ரூபாய். வட்டி, வட்டியின் மீது வரி, பணம் எடுத்ததற்கான கட்டணம், தாமதக் கட்டணம் எல்லாம் சேர்த்து 5,900 ரூபாய். அவன் திருப்பிக் கட்டியது 3,000 ரூபாய். நிற்கும் கடன் 33,400 ரூபாய். வைப்புத்தொகையோ கடனுக்கு ஈடாகப் பிணைக்கப்பட்டிருந்தது. கடனைத் தீர்க்காமல் அதில் ஒரு ரூபாயையும் எடுக்க இயலாது. கல்லூரியில் கட்டணம் கட்ட ஒன்பதே நாட்கள் இருந்தன.

"இதை ஏன் முன்பே என்னிடம் வந்து சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள்தான் ஹராம் என்று சொல்லிவிட்டீர்களே ஹஜ்ரத். அதைச் செய்துவிட்டு எந்த முகத்தோடு உங்களிடம் வருவது?" என்றான்.

வாசகர்களே, அந்தச் சொல் என்னைத் தாக்கியது. நான் கூறிய சட்டம் தவறன்று. ஆனால் அதைக் கூறிய விதத்தால், அவன் தடுக்கிய பிறகு திரும்பி வரக்கூடிய வாசலையும் சேர்த்து அடைத்துவிட்டிருந்தேன்.

இந்த அட்டை எப்படி வேலை செய்கிறது?

அவ்விரவுக்குப் பிறகு இந்த அட்டையைப் பற்றி முறையாகத் தெரிந்துகொள்ள முற்பட்டேன். நான் கலைக் கல்லூரியில் வரலாறு படித்தவன். வணிகவியல் எனக்குப் புதிது. தெரிந்துகொண்டதை எளிய முறையில் உங்களுக்குச் சொல்கிறேன்.

அட்டையால் ஒரு பொருளை வாங்கினால், வாங்கிய நாளைப் பொறுத்துச் சுமார் இருபது நாள் முதல் ஐம்பது நாள் வரை வட்டியில்லாத அவகாசம் உண்டு. கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வட்டி இல்லை. ஒரு பகுதியை மட்டும் கட்டினால் பொதுவாக அந்தச் சலுகை பறிபோகும். மீதியிருக்கும் பழைய கடனுக்கு மட்டுமல்லாமல், அதன் பின் வாங்கும் புதிய பொருட்களுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுத்தாலோ அவகாசமே கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி. அதற்கு மேல் ஒரு கட்டணம். வட்டிக்கும் கட்டணங்களுக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி தனி.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்கு 20,000 ரூபாய் கடன். வட்டி மாதம் நூற்றுக்கு மூன்றரை ரூபாய். குறைந்தபட்சத் தொகை நிலுவையில் ஐந்து சதவீதம். முதல் மாத வட்டி 700 ரூபாய்; வரி 126 ரூபாய். கடன் 20,826 ஆகிறது. அவர் 1,041 ரூபாய் கட்டுகிறார். கடனில் உண்மையாகக் குறைந்தது 215 ரூபாய் மட்டுமே! இனி ஒரு பொருளும் வாங்காமல், மாதம் தவறாமல் இப்படியே ஓராண்டு கட்டிவந்தால், அவர் கையிலிருந்து போயிருக்கும் பணம் ஏறத்தாழ 11,800 ரூபாய். கடன் குறைந்திருப்பதோ ஏறத்தாழ 2,400 ரூபாய். இன்னும் 17,500க்கு மேல் நிற்கும். குறைந்தபட்சம் என்ற சொல்லைக் கண்டு நிம்மதி அடைந்த அந்தப் பிள்ளையை இப்போது நினைத்துப் பாருங்கள். தேர்வில் குறைந்தபட்ச மதிப்பெண் பெற்றால் தேறிவிட்டோம் என்று பொருள். இங்கே குறைந்தபட்சம் கட்டினால் கடன் நீடிக்கிறது என்று பொருள்.

ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. மாதம் மூன்றரை என்று சிறிதாகத் தெரியும் வட்டி, ஆண்டுக் கணக்கில் 42 சதவீதம் ஆகிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாமே எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

தேநீர்க் கடைக்காரரின் நோட்டு

கடன் வாங்குவது மாணவர்களுக்குப் புதிதா என்று நீங்கள் கேட்கலாம். புதிதன்று. நானும் வாங்கியவன்தான். ஈராயிரமாம் ஆண்டை ஒட்டித் திருச்சியில் நான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, விடுதிக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை இருந்தது. கடைக்காரர் எங்களுக்குப் பற்று நோட்டு வைத்திருந்தார். தேநீர், வடை, சில நாட்களில் இரவுச் சாப்பாடு என்று என் பெயருக்கு நேரே தொகை ஏறிக்கொண்டே போனது. 180 ரூபாய் ஆன அன்று அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, வீட்டிலிருந்து பணம் வரட்டும். அப்புறம் எழுதிக்கொள்வோம்" என்றார். நண்பர்கள் முன்னிலையில் அவமானப்படுத்திவிட்டாரே என்று கோபித்துக்கொண்டு இரண்டு நாட்கள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அத்தாவுக்கு உண்மையை எழுதினேன். பணம் வந்தது, கூடவே நீண்டதொரு கடிதமும் வந்தது.

அந்தக் கடைக்காரர் பேனாவை வைத்ததற்குக் காரணம் இப்போது எனக்குப் புரிகிறது. நான் கொடுக்காவிட்டால் நட்டம் அவருக்கு. அதனால் என் நிலையை அவர் கவனித்துக்கொண்டிருந்தார். என் முகம் அவருக்குத் தெரியும். அவர் முகம் எனக்குத் தெரியும். அட்டையின் முறை இதற்கு நேர்மாறானது. கெடுவுக்குள் முழுவதும் கட்டிவிடுபவரைவிட, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி இழுப்பவரிடமிருந்துதான் வட்டி வருமானம் வருகிறது. அதிலும் பிணையாக வைப்புத்தொகை இருந்துவிட்டால், கடன் கொடுத்தவருக்கு அச்சமே இல்லை. ஆகவே பேனாவைக் கீழே வைக்க அங்கே ஆள் கிடையாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. முன்பெல்லாம் கடன் நோட்டீஸ் வந்தால் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மாவுக்குத் தெரிந்துவிடும். இன்று கணக்கு விவரம் பிள்ளையின் கைப்பேசிக்கு மட்டுமே வருகிறது. ஒரே கூரையின் கீழ் இருக்கும் தாய்க்குக்கூட மகனின் கடன் தெரிவதில்லை. சபுராளி வீடுகளில் வரவு செலவு முழுவதையும் கட்டிக்காப்பவர் தாய்தான். அவருடைய கண்ணுக்கே எட்டாமல் ஒரு கடன் வளர முடிகிறது என்றால் அதன் ஆபத்தை நீங்களே உணர்ந்துகொள்ளுங்கள்.

வந்த வழி

இந்த அட்டையின் வரலாறு நெடியதன்று. 1950ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் டைனர்ஸ் கிளப் என்ற அட்டை வந்தது. உணவகங்களில் கணக்கு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும் என்பது அதன் முறை. 1958இல் பாங்க் ஆஃப் அமெரிக்கா என்னும் வங்கி, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்தில், கேட்காதவர்களுக்கும் சேர்த்து 60,000 பேருக்குத் தபாலில் அட்டைகளை அனுப்பிவைத்தது. நிலுவையை வைத்துக்கொண்டு வட்டியோடு மெல்லக் கட்டலாம் என்பது இதில் இருந்த புதுமை. நம் இந்தியாவுக்கு 1980ஆம் ஆண்டில் கடன் அட்டை வந்து சேர்ந்தது.

அட்டை பிறந்த அமெரிக்காவிலேயே 2009ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினார்கள். 21 வயது நிரம்பாதவருக்குக் கடன் அட்டை தருவதானால், திருப்பிக் கட்டும் வருமானம் அவருக்கு இருக்க வேண்டும். அல்லது வயதில் மூத்த ஒருவர் பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டும். கல்லூரி வளாகங்களில் இலவசப் பொருள்களைக் காட்டி மாணவர்களை அட்டைக்கு விண்ணப்பிக்கச் செய்வதையும் அச்சட்டம் கட்டுப்படுத்தியது. கடன் வாழ்க்கையை உலகுக்குக் கற்றுக்கொடுத்த நாடே தன் மாணவர்களைப் பற்றி அஞ்சியிருக்கிறது.

இங்கும் ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டில் விதிகளை வகுத்திருக்கிறது. கேட்காமல் யாருக்கும் அட்டை அனுப்பக் கூடாது. அவ்வாறு அனுப்பிக் கட்டணமும் வாங்கினால், அதைத் திரும்பக் கொடுப்பதோடு இரு மடங்கு அபராதமும் தர வேண்டும். நிலுவை ஏதுமில்லாதவர் அட்டையை மூடக் கோரினால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் அவருக்குத் தர வேண்டும். இவை நல்ல விதிகள். ஆனால் தானே கேட்டு வாங்குகிற பிள்ளையை எந்த விதி காக்கும்?

மார்க்கத்தின் பார்வை

வட்டி விலக்கப்பட்டது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அட்டையைப் பற்றி ஒரு நுட்பமான கேள்வி இருக்கிறது. கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டி, ஒரு ரூபாய்கூட வட்டி கொடுக்காமல் பயன்படுத்தினால் என்ன? 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியாத் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதை ஆராய்ந்தது. வட்டி நிபந்தனையைக் கொண்ட அட்டையை, சலுகைக் காலத்துக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும்கூடப் பயன்படுத்துவது கூடாது என்று தீர்மானித்தது. வட்டி தருவதற்கு முன்கூட்டியே ஒப்பி ஒப்பந்தம் செய்வதே தவறு என்பது அதன் கருத்து. தேவையுள்ளவர் காலந்தவறாமல் முழுமையாகக் கட்டிவிடும் உறுதியோடு பயன்படுத்தலாம் என்று கூறும் ஆலிம்களும் இருக்கின்றனர்.

வியாபாரம் செய்பவருக்கும் சம்பளம் பெறுபவருக்கும் அந்த இரண்டாம் கருத்து பொருந்துமா என்பதை அவரவர் தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியட்டும். மாணவரைப் பொறுத்தவரை, சலுகை கூறும் ஆலிம்களின் நிபந்தனையைக்கூட அவர் நிறைவேற்ற முடியாது. உறுதி கூறுவதற்கு அவருக்குச் சொந்த வருமானம் எங்கே இருக்கிறது? அவர் தரும் வாக்கு, இன்னொருவரின் உழைப்பை நம்பித் தரும் வாக்கு.

நபி (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் கடனை விட்டும் பாதுகாவல் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்ட மனிதன் பேசினால் பொய் சொல்ல நேர்கிறது, வாக்களித்தால் மாறு செய்ய நேர்கிறது என்ற கருத்தில் விளக்கம் தந்தார்கள். இந்த ஹதீஸை நான் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறேன். அன்றிரவுதான் அதை நேரில் கண்டேன். ஐந்து மாதங்களாக ஒவ்வொரு வெள்ளியும் தொலைபேசியில் அத்தா கேட்டிருக்கிறார்: "பணம் பத்திரமாக இருக்கிறதா?" ஒவ்வொரு முறையும் இவன் "இருக்கிறது அத்தா" என்றிருக்கிறான். பொய் பேசும் பிள்ளையாக நாங்கள் யாரும் அவனை வளர்க்கவில்லை.

மறுபக்கத்து நியாயங்கள்

அட்டை வேண்டும் என்பவர்கள் கூறும் காரணங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

தேர்வுக் கட்டணம், ரயில் முன்பதிவு, புத்தகம் வாங்குவது எல்லாம் இணையத்தில்தான் நடக்கின்றன என்கிறார்கள். உண்மையே. ஆனால் இவை எல்லாவற்றையும் டெபிட் கார்டிலும் யு.பி.ஐ. மூலமும் செய்ய முடியும். அவற்றில் இருக்கும் பணம்தான் செலவாகும். இல்லாத பணம் செலவாகாது.

அவசரத்துக்கு உதவும் என்கிறார்கள். நான் படித்த காலத்தில் அத்தாவிடமிருந்து பணம் வரப் பத்து நாட்கள் ஆயின. இன்று ஊரிலிருக்கும் தாய் நினைத்தால் நொடிப்பொழுதில் அனுப்ப முடிகிறது. அவசரம் என்பது மருத்துவமனையா, நண்பனின் பிறந்தநாளா என்று ஒரு கேள்வி கேட்கவும் அவருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

இளமையிலேயே நல்ல கடன் வரலாற்றை உண்டாக்கிக்கொண்டால் பிற்காலத்தில் பயன்படும் என்பது மூன்றாவது காரணம். 300 முதல் 900 வரை புள்ளிகளிட்டு ஒருவரின் நாணயத்தை அளக்கும் முறை இன்று இருக்கிறது. ஒழுங்காகக் கட்டினால் புள்ளி உயரும் என்பது மெய்தான். தவறினால் இறங்கும் என்பதும் அதே அளவு மெய். சொந்தச் சம்பாத்தியம் இல்லாதவர் தவறுவதற்கே வாய்ப்பு அதிகம். முதல் வேலைக்குப் போகும்போதே பெயரில் ஒரு கறையோடு போவதைவிட, வெற்றுத்தாளோடு போவது மேலல்லவா?

ஆகவே என் முடிவு இது: சொந்த வருமானம் வரும்வரை மாணவ மாணவியர் கையில் கடன் அட்டை வேண்டாம். ஆனால் இந்த ‘வேண்டாம்’ என்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதையே அந்தப் பிள்ளை எனக்குக் கற்பித்தான்.

என்ன செய்தோம்?

அன்றிரவே அவனுடைய அத்தாவை அழைக்கச் சொன்னேன். அவன் நடுங்கினான். குவைத்தில் அப்போது மாலை ஆறரை மணி. நான்தான் முதலில் பேசினேன். விவரம் முழுவதையும் கேட்ட பின் அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். "ஹஜ்ரத், பிள்ளைக்குக் கடன் வந்துவிடக் கூடாது என்றுதான் நான் இங்கே கடன் வாங்காமல் காலம் தள்ளுகிறேன்" என்றார். பிறகு மகனிடம் தனியே பேச வேண்டும் என்றார். தொலைபேசியைக் கொடுத்துவிட்டு நான் வெளித் திண்ணைக்கு வந்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து அவன் வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. ஆனால் தோள்கள் நிமிர்ந்திருந்தன.

மறுநாளே வைப்பை முறித்துக் கடனைத் தீர்க்கச் செய்தோம். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வட்டி ஏறும் அல்லவா? 6,600 ரூபாய் மிஞ்சியது. வைப்பில் சேர்ந்திருந்த சொற்ப வட்டியை, நன்மையை எதிர்பாராமல் ஓர் ஏழைக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். அட்டையை மூடி, மூடியதற்கான கடிதத்தையும் கேட்டு வாங்கினான். புதிய கைப்பேசியை 11,000 ரூபாய்க்கு விற்றான். இன்னும் 20,400 ரூபாய் குறைந்தது.

எங்கள் ஜமாஅத்தில் திருமண உதவிக்கு நிதி இருக்கிறது. ஜனாஸாச் செலவுக்கு நிதி இருக்கிறது. மாணவருக்குக் கைமாற்றுக் கொடுக்க எதுவும் இல்லை. முத்தவல்லியிடம் சென்று பேசினேன். பெயரைச் சொல்லவில்லை; தேவையை மட்டும் சொன்னேன். அவரும் வேறு மூவரும் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் போட்டார்கள். அந்த 40,000 ரூபாயிலிருந்து, அழகிய கடன் என்று நம் மார்க்கம் சொல்லும் வட்டியில்லாக் கடனாக 20,400 ரூபாய் கொடுக்கப்பட்டது. கடனை எழுதி வைக்க வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்று அல்பகறா அத்தியாயம் கற்பிக்கும் முறைப்படியே எழுதி, இரு சாட்சிகள் கையொப்பமிட்டார்கள்.

வார விடுமுறைகளில் ஊருக்கு வந்து, எங்கள் மதரஸாப் பிள்ளைகளுக்கு அவன் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். அதற்குக் கிடைத்த ஊதியத்திலிருந்து மாதம் 1,200 ரூபாய் வீதம் பதினேழு மாதங்களில் முழுவதையும் கட்டி முடித்தான். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கடைசித் தவணையைக் கொடுத்துவிட்டு, அந்தக் கடன் பத்திரத்தைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கிப் போனான். இப்போது வேலையில் இருக்கிறான். அந்தச் சிறிய நிதி இன்றும் கை மாறிக்கொண்டே இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே! கட்டணப் பணத்தை இயன்றவரை நேரே கல்லூரிக்குச் செலுத்துங்கள். கைச்செலவுக்கு மாதந்தோறும் ஒரு தொகையைத் தனியே கொடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையோடு அமர்ந்து கணக்குப் பாருங்கள். அதட்டுவதற்காக அல்ல, கணக்குச் சொல்லும் பழக்கம் வருவதற்காக.

மாணவச் செல்வங்களே! ஏற்கெனவே அட்டை வாங்கியிருந்தால் இன்றே அதன் பயன்பாட்டை நிறுத்துங்கள். குறைந்தபட்சத் தொகையைப் பார்த்து ஏமாறாமல் மொத்த நிலுவையைப் பாருங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் சொல்லிவிடுங்கள். முதல் மாதத்தில் சொல்வது எளிது. ஐந்தாம் மாதத்தில் மிகக் கடினம்.

ஜமாஅத் பெரியோர்களே! நான்கு பேர் மனம் வைத்தால் ஒரு மாணவரின் படிப்பைக் காக்கும் நிதி உருவாகிவிடும் என்பதை எங்கள் சிற்றூர் கண்டுகொண்டது. உங்கள் ஊரிலும் முயன்று பாருங்கள்.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதும் ஞாயிறு வகுப்பில் இந்தக் கேள்வி வருகிறது. இப்போதும் ‘கூடாது’ என்றுதான் சொல்கிறேன். ஆனால் பக்கத்தைத் திருப்புவதில்லை. கரும்பலகையில் அந்த 20,000 ரூபாய்க் கணக்கை எழுதிக் காட்டுகிறேன். "இதற்குப் பிறகும் யாராவது தவறிவிட்டால், இஷாவுக்குப் பிறகு நான் ஹவுள் அருகில்தான் இருப்பேன்" என்றும் சொல்லிவைக்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் கடனின் பாரத்திலிருந்தும், அது கற்றுக்கொடுக்கும் பொய்யிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.